போனை வாங்கிக் குடுத்துருங்க மாப்ள

ஏனுங் மாப்ள, ராத்திரி முச்சூடும் ரோசனை பண்ணிப் பாத்தனுங்க. பையனுக்குப் போனு வாங்கிக் குடுத்துருங்க. ஆறாவது போறானில்ல, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் உங்க போனையே புடுங்கிப் புடுங்கிப் பாத்துட்டிருப்பான்? அப்பன் கோயமுத்தூர்ல பெரிய கம்பெனியில இருக்கறாரு, பையன் வெறுங்கையை வீசிட்டு வர்றான்னா ஊருக்குள்ள நாலு பேரு என்ன பேசுவாங்க? நம்ம கவுரதை என்னாகறது?

சிரிக்காதீங்க. மாமன் சொன்னா அதுல என்னமோ குத்தல் இருக்கும்னு நீங்களா நெனச்சுக்கறீங்க. மாப்ளையக் குத்திப் பேச எனக்கு ஏதுங்க அத்தனை தகிரியம்? பொண்ணைக் குடுத்தவன் வாயில மரியாதையத் தவிர வேற என்ன வரும்?

வாங்கிக் குடுத்தா என்னென்ன லாபம்னு கேளுங்க. ஊடு அமைதியாயிரும். பந்தடிச்சு ஓட்டை ஒடைச்சுட்டான்னு பக்கத்தூட்டுல இருந்து ஆரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கெணத்துல எறங்கிருவானோன்னு பயம் வேண்டாம். புளியமரத்துல இருந்து உழுந்து மாவுக்கட்டுப் போடற செலவு மிச்சம். முட்டியில செராய்ப்பு இல்லை, துணியில கறை இல்லை, மாசத்துக்கு ரெண்டு சோப்புக்கட்டிகூட மிச்சமாகும். இதெல்லாம் சில்லறை லாபமுங்க. பெரிய லாபம் என்னன்னா, கேள்வி கேக்க மாட்டான். போன வருசம் வரைக்கும் இங்க வந்தான்னா ஓயாமக் கேப்பான். "அப்புச்சி, மாட்டுக்கு முன்னால மேல்பல்லே இல்லையே, எப்படிப் புல்லைக் கடிக்குது?" "அப்புச்சி, கோழிக்குக் காது எங்கே?" மாட்டுப் பல்லு விசயம் எனக்குத் தெரியும், நாக்குல சுத்தி இழுக்கும்னு சொல்லிட்டன். கோழி சமாச்சாரத்துல முழிச்சுட்டு, "அமுச்சிகிட்டப் போய்க் கேளு"ன்னு தாட்டி உட்டன். இந்தத் தடவை வந்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அப்புச்சி, வைஃபை இருக்குதா?" பொடக்காளியில கட்டியிருக்குது பாருன்னன். எட்டிக்கூடப் பாக்கலை. உங்க போனு எப்பச் சும்மா இருக்கும்னு திண்ணையில காத்துக்கிட்டு உக்காந்துட்டான்.

நம்ம பங்காளியூட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தமில்ல, மண்டபத்துல நடந்ததை நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, உங்களுக்கும் கையில சோலி இருந்துச்சு. பந்திக்குப் போற வழியில தூணுல ஒரு பிளக்கு. அதுல ஒரு நீள ஒயரு, ஒயருல நாலஞ்சு சார்ஜரு. அதைச் சுத்திச் சொந்தபந்தத்துப் புள்ளைங்க அத்தனையும் வட்டமா உக்காந்திருக்குதுங்க. அத்தை பையன், மாமன் பொண்ணு, பெரியப்பன் பேரன், முட்டியோட முட்டி இடிக்கற தூரந்தான், ஒண்ணோட ஒண்ணு பேசலை. அப்பறந்தான் தெரிஞ்சுது, பேசிட்டுத்தான் இருந்திருக்குதுங்க, போனுக்குள்ள. தாலி கட்டறப்பக் கெட்டிமேளம் கொட்டுனாங்க பாருங்க, ஒரு தலை நிமிரலை. சித்த நேரங் கழிச்சுக் கரண்டு போச்சு. அத்தனை தலையும் ஒட்டுக்கா நிமிந்துச்சு. அப்பத்தான் எது ஆரூட்டுப் புள்ளைன்னு மூஞ்சியப் பாத்து அடையாளங் கண்டுக்கிட்டன். மின்சார வாரியத்துக்கு ஒரு மாலை போடோணுமுங்க.

நம்ம பக்கம் ஒறம்பரை வாசல்ல கால் வெச்சா "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். சொல்லாம உட்டா மூணு தலைமொறைக்குச் சொல்லிக் காட்டுவாங்க. அந்த வட்டத்துக்கிட்ட நானே போயி நின்னு, "வாங்க கண்ணு"ன்னன். ஒருத்தன் மட்டும் தலையத் தூக்காம "ம்"ன்னான். அந்த "ம்" உங்க பையன்தானுங்க. பரம்பரையில வந்த பழக்கம் உட்டுப் போகலைன்னு சந்தோசப்பட்டுக்கிட்டன். எந்தப் பரம்பரைன்னு கேக்காதீங்க.

பெருசை உடுங்க. சின்ன அம்மிணிக்கு இன்னும் ரெண்டு வயசு முடியலை. அது சோறுங்கறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தனுங்க. எதுக்கால தண்ணிச் சொம்பு மேல போனைச் சாச்சு வெச்சிருக்கறா என்ற பொண்ணு. ஆனைப் பாட்டு ஓடுது, வாயி தொறக்குது, ஒரு வாய் உள்ள போகுது. நடுவுல விளம்பரம் வருது, வாயி மூடிக்குது. என்ற பொண்ணு எச்சக்கையோட சுண்டுவெரலால அதைத் தள்ளி உடறா, மறுபடி வாயி தொறக்குது. உள்ள போறது இட்லியா உப்புமாவான்னு அந்தக் கொழந்தைக்குத் தெரியாது. மெல்லப் போனைத் திருப்பி வெச்சுப் பாத்தன். அழுத அழுகையில ஆடு மேய்க்கறவன் இட்டேரியில இருந்து ஓடி வந்துட்டான்.

கொழந்தை டாக்டருங்களோட இந்தியச் சங்கம் இதுக்குன்னே வழிகாட்டி எழுதி வெச்சிருக்குது. ரெண்டு வயசு முடியற வரைக்கும் எந்தத் திரையும் ஆகாது, ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அந்தச் சின்ன வயசுக்கு ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நம்ம டாக்டருங்க விலக்குக் குடுத்திருக்கறாங்க. எட்டத்துல இருக்கற ஒறவுக்காரங்க மூஞ்சியப் பாத்துப் பேசறதுக்கு எப்பவாச்சும் காட்டலாமாம். மத்ததையெல்லாம் தாராளமா மீறிட்டு, அந்த ஒரு சலுகைய மட்டும் உங்கூட்டுல ஆருந் தொடறதில்லை. அப்புச்சிக்கு வீடியோ கால் வந்து எத்தனை மாசமாச்சுன்னு அந்தப் போனையே கேட்டுப் பாருங்க.

"படிப்புக்குத்தானுங்க மாமா"ன்னு சொல்லுவீங்க. சொல்லோணும். நானும் எங்கய்யன்கிட்டச் சைக்கிளு கேட்டது படிப்புக்குத்தானுங்க. அது பள்ளிக்கொடத்துக்குப் போனதைவிட டூரிங் டாக்கீசுக்குப் போனதுதான் எச்சு. படிப்புங்கற பேரைச் சொன்னா நம்ம ஊரு அப்பன்மாரு கடன் வாங்கியாச்சும் வாங்கிக் குடுத்துருவாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது, உங்க பையனுக்கு இப்பத் தெரிஞ்சிருக்குது. கிராமங் கிராமமாப் போயிப் புள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரியுதான்னு பாத்து ஏசர்னு ஒரு அறிக்கை போடறாங்களே, 2024ல அவங்க 14ல இருந்து 16 வயசுப் புள்ளைங்ககிட்டப் போனைப் பத்தியும் கேட்டிருக்கறாங்க. நூத்துக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனு ஓட்டத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சவங்கள்ல, முந்தின வாரத்துல படிப்புக்குன்னு அதையத் தொட்டவங்க 57 பேரு. சமூக வலைத்தளத்துக்குத் தொட்டவங்க 76. இது அவங்களே வாயத் தொறந்து ஒத்துக்கிட்ட கணக்குங்க. உங்க பையன் இந்த விசயத்துல உங்ககிட்ட எத்தனை ஒத்துக்குவான்னு நீங்களே பாத்துக்குங்க.

அதுக்காகப் படிப்புக்கு ஒதவவே இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும். 2020 மார்ச்சுல பள்ளிக்கொடத்தைச் சாத்துனாங்களே, அப்ப அது இல்லாத ஊட்டுப் புள்ளைங்க பட்ட பாட்டை நான் பாத்தவன். ஒரு போனு, ஊட்டுல மூணு புள்ளைங்க, பகலெல்லாம் போனு அப்பனோட வேலைக்குப் போயிருது. பொழுதோட அவன் வந்து சேந்தா, தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு சிக்னல் புடிச்சு வாத்தியாரு காலையில நடத்துன பாடத்தைப் பாக்குதுங்க. கல்வித் தொலைக்காட்சியில பாடம் ஓடுச்சு. இல்லம் தேடிக் கல்வின்னு திண்ணையில புள்ளைங்களை உக்கார வெச்சுத் தன்னார்வப் புள்ளைங்க சொல்லிக் குடுக்க வந்ததே பள்ளிக்கொடம் தொறக்கற சமயத்துலதான். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் படிக்கற புள்ளைங்களுக்கு 2021 நவம்பர் 1ஆந் தேதிதான் மறுபடி மணியடிச்சுது. அதுவரைக்கும் போனுதானுங்க பைக்கட்டு, போனுதான் வாத்தியாரு. எனக்கு அதுல வழக்கில்லை. பள்ளிக்கொடம் தொறந்துருச்சே, வந்த போனு ஏன் திரும்பிப் போகலைங்கறதுதான் என்ற வழக்கு. ஒறம்பரையா வந்தவன் பத்தாயத்துச் சாவிய இடுப்புல சொருகிட்டு நிக்கறான். இப்ப வாத்தியாரும் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்சப்புல வீட்டுப்பாடம் போடறாரு. கரும்பலகையில எழுதிப் போட்டா அவருக்குக் கை வலிக்கும்போல.

சரி, பூட்டுப் போட்டுக் குடுக்கலாம், இத்தனை மணிக்குத் தானா அணையற மாதிரி பண்ணலாம்னு என்ற பொண்ணு சொல்லுது. பூட்டைப் பத்தி என்கிட்டப் பேச வேண்டாமுங்க. சுத்தற டயலு போனு இருந்த காலத்துல, வசதியான ஊடுகள்ல அந்த டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டுத் தொங்கும். நம்பரைச் சுத்த முடியாது, வர்ற போனை எடுக்கத்தான் முடியும். பசங்க என்ன பண்ணுவாங்க, ரிசீவரை வெக்கற எடத்துல அமுங்கற கட்டை ஒண்ணு இருக்குமில்ல, அதையே டொக்கு டொக்குன்னு தட்டுவாங்க. அஞ்சு வேணும்னா அஞ்சு தட்டு, ஏழு வேணும்னா ஏழு தட்டு. சித்த நிறுத்தி அடுத்த நம்பரு. கணக்குத் தப்பாமத் தட்டுனா லைன் போயிரும். பூட்டு பூட்டுனபடியே தொங்கும், பில்லு மட்டும் வந்து சேரும். பரீட்சையில கூட்டல் வராத பயலுக்கெல்லாம் அந்தக் கணக்கு மட்டும் தப்பாது. அந்த ஆளுங்கதான் இப்ப ஆலமரத்தடியில உக்காந்து இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப் போச்சுங்கன்னு தீர்ப்புச் சொல்லிட்டிருக்கறாங்க.

உங்க போனுக்கு ஆறு நம்பர் போட்டுப் பூட்டியிருக்கறீங்க. அது உங்க பொண்டாட்டிக்குத் தெரியாது, பையனுக்குத் தெரியும். பணம் அனுப்பற நம்பரும் தெரியும். அப்பன் கடையில நின்னு அமுக்கறப்பப் பக்கத்துல நின்னு வெரலு போற எடத்தைப் பாத்தாப் போதுமாம், என்கிட்டயே பெருமையாச் சொன்னான். துப்பாக்கி விளையாட்டுல டைமண்டு வாங்குன கதை உங்களுக்கு இன்னும் தெரியாதுன்னா, நான் சொன்னதா இருக்க வேண்டாம். காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துல 18 வயசுக்குக் கீழ ஆருஞ் சேரக் கூடாது, நடுராத்திரி 12ல இருந்து காத்தால 5 வரைக்கும் பெரியவங்களும் ஆகாதுன்னு தமிழ்நாட்டுல 2025ல விதி போட்டாங்க. அதே வருசம் ஆகஸ்டுல டில்லிக்காரங்க காசு கட்டி ஆடற ஆட்டத்தையே தடை பண்ணிச் சட்டங் கொண்டாந்துட்டாங்க. நல்லதுதான். ஆனா டைமண்டு இதுல எதுலயும் மாட்டாதுங்க. செயிச்சாக் காசு திரும்ப வந்தாத்தான் சூதாட்டம். இதுல எப்பவுமே திரும்ப வராது, அதனால இதுக்குப் பேரு யாவாரம்.

வயசுக் கட்டுப்பாடு இருக்குதில்லைங்கறீங்களா? இருக்குது. இன்ஸ்டாகிராமுக்கு 13 வயசு ஆகோணும். உங்க பையன் அதுல 1985ல பொறந்திருக்கறான். கணக்குப் பண்ணிப் பாருங்க, உங்களுக்கே மூத்தவன். இனிமே கூப்புடறப்பக் கொஞ்சம் மரியாதையாக் கூப்புடுங்க. எங்களைப் பள்ளிக்கொடத்துல சேத்தறப்ப வாத்தியாரு, வலது கையத் தலைக்கு மேல கொண்டு போயி இடது காதைத் தொடச் சொல்லுவாரு. எட்டுச்சுன்னா அஞ்சு வயசு. எட்டலைன்னா, போயிட்டு அடுத்த வருசம் வா. புள்ளை கையப் புடிச்சு இழுத்து உட்டு எட்ட வெச்ச அப்பன்மாரும் உண்டு. பொறந்த தேதிய வாத்தியாரே மனசுல தோணுனபடி எழுதிக்குவாரு, பாதி ஊரே ஜூன் மாசத்துல பொறந்தவங்க. பொய்யிதானுங்க, ஆனா அந்தப் பொய்யச் சொல்றதுக்காச்சும் புள்ளை ஒரு ஆளுக்கு எதுக்கால வந்து நிக்கோணும். இப்ப அந்தச் சிரமமும் இல்லை.

ஆஸ்திரேலியாக்காரங்க மட்டும் கொஞ்சம் வெவரமாப் பண்ணியிருக்கறாங்க. 2024ல சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்க இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் இதுலயெல்லாம் கணக்கு வெச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. மீறுனா 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். ஆருக்குத் தெரியுங்களா? புள்ளைக்கில்லை, பெத்தவங்களுக்கில்லை, கம்பெனிக்கு. அங்கதான் எனக்குப் புடிச்சுப் போச்சு. புள்ளைங்க அங்கயும் பொறந்த தேதிய மாத்தத்தான் பாக்கும், அது புள்ளைங்க கொணம். ஆனா ஏமாந்தா நட்டம் கடைக்காரனுக்குன்னு வெச்சா, கடைக்காரன் கண்ணைத் தொறந்து பாப்பான். நம்ம நாட்டுல 2023 சட்டப்படி, 18 வயசுக்குள்ள இருக்கறவங்க வெவரத்தை எடுக்கோணும்னாப் பெத்தவங்க சம்மதம் வாங்கோணும். அதும் நல்ல சட்டந்தான். ஆனா சம்மதம் குடுக்கறதுக்கு எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு அப்பன் பையன்கிட்டத்தானுங்க கேப்பான்?

இன்னொண்ணு. மூத்தது பையன்னால பேசறோம், இதே வயசுல பொண்ணு இருந்து கேட்டிருந்தா என்கிட்ட ரோசனை கேக்க வந்திருப்பீங்களா? நம்ம பக்கத்து நடப்பைத்தான் சொல்றன். பையன் பரீட்சையில கோட்டை உட்டா, மனசு ஒடைஞ்சுருவான்னு ஆறுதலுக்கு ஒரு போனு. பொண்ணு நூத்துக்குத் தொண்ணூறு வாங்கிட்டு வந்து நின்னா, "உனக்கெதுக்கு அதெல்லாம்?" பையன் ராத்திரி ரெண்டு மணிக்குப் போனைப் பாத்தா, "பாவம், படிக்கறான்." பொண்ணு சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுனா, ஆரோட, எதுக்கு, எத்தனை நேரம், அந்தப் புள்ளையோட அப்பன் ஆரு. அதே ஏசர் கணக்குல, போனு ஓட்டத் தெரிஞ்ச பையனுங்கள்ல நூத்துக்கு 36 பேருக்குச் சொந்தப் போனு இருக்குது, பொண்ணுங்கள்ல 27 பேருக்குத்தான். நாளைக்குச் சின்ன அம்மிணி வளந்து வந்து கேக்கறப்ப நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கறதுக்காச்சும் நான் உசுரோட இருக்கோணும்.

கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? மொத மொதல்ல பையன் கையில போனை வெச்சது ஆரு?

நெனப்பு வரலைங்களா, எனக்கு வருது. நீங்க ஆபீசுக்காரங்களோட கம்ப்யூட்டர்ல பேசிட்டு இருந்தீங்க, இவன் வந்து மடியில ஏறுனான். பல்லைக் கடிச்சு அவனைப் பாத்தீங்க, வாயி அவங்களோட பேசுது, கையி தன்னால போனை எடுத்து அவன்கிட்டக் குடுத்துச்சு. காருல வர்றப்பக் கத்தறான்னு குடுத்தீங்க. ஓட்டல்ல தோசை வரங்காட்டியும் குடுத்தீங்க. என்ற பொண்ணுக்குத் தலைவலின்னா அது குடுக்கும். அவன் கேட்டு நீங்க குடுக்கலைங்க மாப்ள. நீங்க குடுத்துப் பழகி அவன் கேக்கறான். அப்ப உங்களுக்கு அவன் சும்மா இருக்கறது வேண்டியிருந்துச்சு. இப்ப அவன் சும்மாவே இருக்கறான், அது உங்களுக்குப் பொறுக்கலை.

உங்க மேலதான் தப்புன்னு சொல்ல வரலை. எங்க காலத்துல நாங்க என்னமோ கொழந்தை வளத்துக் கிழிச்ச மாதிரி பேசிக்குவோம். நாங்க எங்கீங்க வளத்துனோம்? காத்தால எந்திரிச்சு வெளிய போனா, பொழுதோடதான் ஊடு வந்து சேரும். நடுவுல ஆரோ ஒரு ஊட்டுல சோறு போட்டிருப்பாங்க, ஆரோ ஒருத்தர் காதைத் திருகியிருப்பாங்க. ஊரு வளத்துச்சு, நாங்க பேரு வாங்கிக்கிட்டோம். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, இருக்கறது நாலாவது மாடி, கீழ எறங்குனா பஸ்ஸு. அந்தப் பையனை எங்க போயி ஓடுன்னு சொல்லுவீங்க? இது தெரியாம வாய்க்கு வந்தபடி புத்தி சொல்றவங்க நம்ம ஊட்டுலயே இருக்கறாங்க. கொழந்தைங்களுக்குப் போனு ஆகாதுன்னு எனக்குத் தெனமும் வாட்சப்புல அனுப்பறதே நம்ம பெரிய மச்சான்தானுங்க, காத்தால அஞ்சு மணிக்கு, ரோசாப்பூப் படத்தோட. உங்க அத்தை, ஆயுசு பூரா வெச்ச ரசத்தை இப்ப யூடியூப்பைப் பாத்து வெக்கறா. நானும் ஒண்ணும் யோக்கியனில்லை, காங்கயம் காளை படமா அதுல வந்தா எந்திரிக்க மாட்டன். சினிமான்னாக் கடைசியில "வணக்கம்"னு போட்டு எந்திரிச்சுப் போகச் சொல்லுவான். ரேடியோக்காரன் ராத்திரியானா நிகழ்ச்சி முடிஞ்சுதும்பான். இந்த ரீல்ஸ்காரன் மட்டும் வணக்கமே போட மாட்டேங்கறான். தள்ளத் தள்ள அடியில இருந்து வந்துட்டே இருக்குது. எழுவது வயசுக் கெழவனே நிறுத்த முடியாம முழிக்கறப்ப, பதினோரு வயசுப் பையன் தானா நிறுத்திருவான்னு நீங்க நம்பறீங்க பாருங்க, அந்த நம்பிக்கைய நெனச்சாத்தான் எனக்குக் கண்ணுல தண்ணி வருது.

போனு எப்படிங்க இப்படிச் சல்லிசாப் போச்சு? செல்போனுல வர்ற காலை எடுத்தாலே காசு போன காலம் உண்டு, 2003 வரைக்கும் அப்படித்தான். மணியடிச்சா நம்பரைப் பாத்துட்டு, அமுத்தி உட்டுட்டு, ஒரு ரூவாப் போனைத் தேடி ஓடுவோம். கருப்பட்டிய எண்ணி எடுக்கற மாதிரி வார்த்தைய எண்ணிப் பேசுன சனம். 2016ல ஜியோ வந்து நெட்டைச் சும்மா அள்ளி உட்டாங்க. சும்மாக் குடுக்கறானேன்னு நாமளும் வாங்கிக்கிட்டோம். சந்தையில மாடு புடிக்கறவன், தரகன் பல்லைக் காட்டி இளிச்சா ரெண்டடி தள்ளி நிப்பான். இதுல மட்டும் ஊரே முட்டிக்கிட்டுப் போயி நின்னுச்சு.

இத்தனையுஞ் சொல்லிட்டு, அப்ப வாங்கறதா வேண்டாமான்னு நீங்க கேப்பீங்க. வாங்குங்கன்னுதான மொதல்லயே சொன்னன்? பஸ்ஸுல போறான், டியூசன்ல நேரமாயிருது, ஊட்டுக்குப் பேசோணும்னா பட்டன் போனு ஒண்ணு வாங்குங்க. கீழ உழுந்தா எடுத்துத் தொடைச்சுக்கலாம், ஒரு சார்ஜு மூணு நாளைக்கு நிக்கும். அவன் அதைக் கொண்டு போக வெக்கப்படுவான். படட்டும், எங்கய்யன் கட்டிக் குடுத்த தூக்குப்போசியக் கொண்டு போக நானும் வெக்கப்பட்டவன்தான், சோறு செரிச்சுது. படிப்புக்குப் பெரிய போனுதான் வேணும்னா, அது ஊட்டுப் போனா இருக்கட்டும், அவன் போனா இருக்க வேண்டாம். ஆசாரத்துல எல்லாரு கண்ணும் படற எடத்துல பாக்கட்டும், கதவைச் சாத்திக்கிட்டு வேண்டாம். ராத்திரிச் சோறுண்டதும் ஊட்டுல இருக்கற அத்தனை போனும் அங்கயே சார்ஜுல தூங்கட்டும். அத்தனைன்னா அத்தனையுந்தானுங்க. கக்கூசுக்குள்ள அரை மணி நேரம் குடியிருக்கற போனையுஞ் சேத்தித்தான் சொல்றன்.

ஒண்ணை மட்டும் வெளையாட்டாச் சொல்லலை. போனைப் புடுங்கிருவன், புடுங்கிருவன்னு தெனமும் பையனை மெரட்டாதீங்க. எவனாச்சும் முன்னப்பின்னத் தெரியாதவன் அவனுக்கு அசிங்கமா எதையாச்சும் அனுப்பி, போட்டோவக் கேட்டு மெரட்டறான்னு வைங்க. சொன்னாப் போனைப் புடுங்கிருவாங்கன்னு நெனச்சே உங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டான். உள்ளுக்குள்ளயே பொதைச்சு வெச்சுக்குவான். மெரட்டறவனுக்கு அதுதான் வேணும். என்ன நடந்தாலும் மொதல்ல வந்து அப்பன்கிட்டச் சொன்னா அடி இல்லை, போனும் போகாதுன்னு இப்பவே சொல்லி வைங்க. கொழந்தைங்களுக்கு 1098, கம்ப்யூட்டர் திருட்டுத்தனத்துக்கு 1930, ரெண்டு நம்பரையும் செவுத்துல எழுதி ஒட்டுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா அப்புச்சிகிட்டச் சொல்லட்டும். எனக்கு நெட்டு தெரியாது, ஆனா கெட்டவனைத் தெரியும்.

இதெல்லாம் ஆகற காரியமில்லை, பெரிய போனையே வாங்கிக் குடுத்துர்றன்னு நீங்க முடிவே பண்ணிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனா புதுசா வாங்காதீங்க, இருவதாயிரம் தெண்டம். உங்க கையில இருக்கறதை அவனுக்குக் குடுத்துருங்க. நீங்க என்ற பட்டன் போனை எடுத்துக்குங்க. ஒரே ஒரு மாசம். ஆபீசு சோலிக்கு ஆபீசுலயே கம்ப்யூட்டரு இருக்குதில்ல? நம்பரு பெருசு பெருசாத் தெரியும், டார்ச்சு உண்டு, ராத்திரி மோட்டார் போடப் போறப்ப நெம்ப ஒதவும். பாம்பு வெளையாட்டும் இருக்குது. அந்த ஒரு மாசத்தை நீங்க தாட்டிட்டு வந்து சொல்லுங்க, அப்பறம் பையனுக்கு எந்தப் போனு வேணும்னாலும் நானே என்ற காசுல வாங்கித் தர்றன்.

என்னுங் மாப்ள, மூஞ்சி இப்படிச் சுண்டிப் போச்சு? அதா, உங்க அத்தை கூப்புடறா. எந்திரிங்க, சோறுண்ணலாம், இன்னிக்கு நாட்டுக்கோழி. போனைக் கட்டல் மேலயே வெச்சுட்டு வாங்க. ஆரும் எடுக்க மாட்டாங்க, நாயி படுத்திருக்குது.